திருப்பனந்தாளிலிருந்து கேதார் காட் வரை

கும்பகோணத்திலிருந்து அணைக்கரை போகும் சாலையில் இருக்கிறது திருப்பனந்தாள். செஞ்சடையப்பர் கோயிலுக்கு வருகிறவர்கள் இரண்டு கதைகளைக் கேட்டுக்கொண்டு கிளம்புவார்கள். மாலை சாத்த வந்த தாடகையின் ஆடை நெகிழ்ந்தபோது அவளுக்காகச் சிவலிங்கம் தலை சாய்த்தது ஒன்று. சாய்ந்த லிங்கத்தைக் குங்கிலியக்கலய நாயனார் தன் கழுத்தில் கயிறு பூட்டி இழுத்து நிமிர்த்தியது இன்னொன்று. இந்த ஊருக்கு மூன்றாவதாக ஒரு கதையும் உண்டு. அதைக் கேட்க இங்குள்ள காசி மடத்து வாசலுக்குப் போக வேண்டும். அதன் தலைவர்கள் 'காசிவாசி' என்ற பட்டத்தைப் பெயருக்கு முன்னால் தாங்குகிறவர்கள். நெல் விளையும் காவிரி வடகரைச் சிற்றூரில் கங்கைக்கரைப் பெயரில் ஒரு மடம் ஏன் வந்தது என்று கேட்டால், காசியில் தமிழ் யாத்ரீகர்களுக்கு வழிகாட்டிப் பிழைக்கும் தமிழர்களின் வரலாற்றுக்குள் போய்விடுவோம்.

ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர், தருமபுரம் ஆதீனத்து மாசிலாமணி தேசிகரைக் குருவாகக் கொண்டு, அவர் சொற்படி காசிக்குப் போனார். அது பதினேழாம் நூற்றாண்டு, முகலாயர் ஆட்சிக் காலம். மடம் கட்ட இடம் கேட்க வேண்டுமானால் அரசவையில் பேச வேண்டும். பேச அந்த ஊர் மொழி தெரியவில்லை. சகலகலாவல்லி மாலை பாடிக் கலைமகளிடம் இந்துஸ்தானியை வரமாகப் பெற்றார், சிங்கத்தின் மேல் ஏறி அவைக்குப் போனார் என்று மடத்து மரபு சொல்கிறது. கேதார் காட்டில் குமாரசாமி மடம் அவரால் எழுந்தது. கேதாரேசுவரர் கோயிலும் அவர் முயற்சியால் மீண்டது. சிங்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அந்தக் கதையில் எனக்கு ஒரு நடைமுறை உண்மை தெரிகிறது. அயலூரில் நமக்காகப் பேச ஆளில்லாதபோது யாராவது ஒருவர் முதலில் அந்த மொழியைக் கற்றாக வேண்டும். அவர் கற்றுவிட்டால் பின்னால் வருகிற ஆயிரம் பேர் கற்காமலே குளித்துத் தரிசித்துத் திரும்பிவிடலாம்.

குமரகுருபரருக்குப் பின் ஆறாவது தலைமுறையில் தில்லைநாயக சுவாமிகள் தெற்கே வந்து 1720-இல் திருப்பனந்தாளில் மடம் நிறுவினார். காசி அறங்களுக்குத் தென்னாட்டில் கிடைத்த நிலங்களையும் கட்டளைகளையும் பார்த்துக்கொள்ள இங்கே ஓர் இருப்பிடம் தேவைப்பட்டது. எங்கள் பக்கத்து வயல்களில் விளைந்த நெல் கங்கைக்கரையில் விளக்காகவும் சோறாகவும் மாறியது.

நடந்து போன காலத்தில் காசி யாத்திரை என்பது உயிரைப் பணயம் வைத்த காரியம். சொத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, உறவுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு கிளம்புவார்கள். திரும்பினால் மறுபிறப்பு. பணமுள்ளவர்கள் கூட்டத்தோடு போனார்கள். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1820-21-இல் காசி சென்றபோது பரிவாரத்தில் சுமார் 3,000 பேர் இருந்தார்கள். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே 18-ஆம் தேதி புறப்பட்டு 1831 செப்டம்பர் 3-ஆம் தேதி வீடு திரும்பினார். நூறு பேருக்கு மேல் அவரோடு நடந்தார்கள். எந்த ஊரில் தங்கலாம், எங்கே அரிசி கிடைக்கும், எந்த ஆற்றை எப்படிக் கடப்பது என்று அவர் தெலுங்கில் எழுதிய நாட்குறிப்பு பின்னால் புத்தகமாகி, வழி கேட்டவர்களுக்கெல்லாம் வழி சொன்னது. நம் நாட்டு யாத்திரை எழுத்தின் முன்னோடி ஒருவர் தொழிலால் மொழிபெயர்ப்பாளர் என்பது தற்செயலாக எனக்குப் படவில்லை.

எதிர்த்திசையிலும் ஆட்கள் நடந்தார்கள். கங்கை நீரைச் சுமந்துகொண்டு ராமேசுவரம் போகும் வடநாட்டார் தஞ்சைச் சீமை வழியே போனார்கள். ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரம் போன்ற சத்திரங்கள் அவர்களுக்குச் சோறு போட்டன, நோய்க்கு மருந்து கொடுத்தன. இந்தச் சத்திரங்களைத் தன் பொறுப்பிலேயே விட்டுவைக்க வேண்டும் என்று 1801-இல் கம்பெனி ரெசிடென்டுக்குச் சரபோஜி எழுதினார். மொழி தெரியாமல் வருகிறவனைத் தாங்குவது ஓர் அரசின் கடமை என்று அன்றைக்கு நம் ஊரில் நினைத்தார்கள்.

காசியில் அப்படித் தாங்கியவை மடமும் சத்திரமும் சில வீடுகளும். நாட்டுக்கோட்டை நகரத்தார் 1813-இல் அங்கே சத்திரம் அமைத்தார்கள். அங்கிருந்து பாலும் பூவும் வில்வமும் 'சம்போ, சம்போ' என்ற முழக்கத்தோடு விசுவநாதர் கோயிலுக்குப் போவது இன்றும் நாள் தவறாமல் நடக்கிறது. அனுமான் காட்டில் பாரதியின் அத்தை குப்பம்மாளும் அவர் கணவர் கிருஷ்ண சிவனும் வாழ்ந்த 'சிவ மடம்' தெற்கிலிருந்து போகிறவர்களுக்கு இறங்கும் இடமாகவும் இருந்தது. தந்தையை இழந்த பாரதி 1898 முதல் 1902 வரை தங்கிப் படித்தது அங்கேதான். இந்தியும் சமஸ்கிருதமும் அவருக்குப் பழகிய அந்த வீட்டு வாசலில், ஊர்ப் பேச்சோடு வந்து இறங்கும் முகங்களை அந்த இளைஞர் எத்தனை பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

1887-இல் கங்கைமேல் டஃபரின் பாலம் திறந்த பிறகு ரயில் காசிக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. மாதக்கணக்கு நாள்கணக்கானது. ராஜாவும் ஜமீன்தாரும் போன பாதையில் சாதாரணக் குடும்பங்களும் கிளம்பின. தாளடி அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் நெல் பணம் இருக்கும். பெரியவர்களுக்குக் காரியம் செய்ய வேண்டிய கடன் மனத்தில் இருக்கும். காசியிலிருக்கும் தமிழ்ப் புரோகிதரான வாத்தியாருக்கு ஒரு கார்டு போகும். இத்தனை பேர் வருகிறோம், இந்த ரயில், பிரயாகையில் வேணிதானம் உண்டு, கயைக்கும் போக வேண்டும், தங்க இடம் பார்க்கவும். பதிலும் கார்டில்தான் வரும். காசிக்கு வண்டி மாற மொகல்சராய் ஜங்ஷனில் இறங்கிய கூட்டத்துக்குள் வேட்டிக் கட்டையும் மடிசாரையும் வைத்தே அடையாளம் கண்டு, "கும்பகோணமா? இப்படி வாங்கோ" என்று ஒரு குரல் கூப்பிடும். இரண்டு இரவு, மூன்று பகல் ரயிலில் யாரோடும் பேச முடியாமல் வந்தவர்களுக்கு அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும்!

அந்த மனிதர் செய்த வேலையைப் பட்டியல் போட்டால் முடியாது. வண்டி பேசுவார். பையைப் பறிக்க வருகிறவனை அவன் மொழியிலேயே அதட்டுவார். எந்தச் சந்து எந்தப் படித்துறையில் போய் முடிகிறது, எந்தப் படி பாசி பிடித்தது, ஆவணியில் கங்கை ஏறினால் எந்த மண்டபம் வரை முழுகும் என்பதெல்லாம் அவருக்குக் கால் பழக்கம். சங்கல்பம் சொல்லும்போது யாத்ரீகருடைய கோத்திரமும் தாத்தா பெயரும் அவர் நோட்டில் இருக்கும். "உங்க பெரியப்பா எங்க அப்பாகிட்டதான் வந்தார்" என்று சொல்லிக் காட்டுவார். கயையில் பிண்டம் போட்ட பிறகு விட வேண்டிய காய், கனி, இலை எவை என்பதில் மாமிகளுக்குள் வரும் சர்ச்சையைத் தீர்ப்பார். இனி அடிக்கடி சமைக்காத காயையே விட்டால் வீட்டில் சங்கடம் இல்லை என்று காதோடு சொல்லியும் கொடுப்பார். அன்னபூரணி விக்கிரகம், காலபைரவர் கயிறு, ஈயம் வைத்து மூடிய கங்கைச் செம்பு இவற்றுக்கு விலை பேசுவார். கூட வந்த பெரியவருக்கு மூச்சு முட்டினால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார். காசியிலேயே உயிர் போய்விட்டால், அரிச்சந்திர காட்டில் விறகு வாங்குவது முதல் ஊருக்குத் தந்தி அடிப்பது வரை அவர் பொறுப்புதான். நாம் 'கைடு' என்று சொல்லும் வேலை இதில் ஒரு மூலை.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு, அதைச் சொல்லாமல் போகக் கூடாது. வாத்தியார் வீடும் கார்டும் பெரும்பாலும் பிராமணக் குடும்பங்களுக்கு வாய்த்த வசதி. நகரத்தாருக்குச் சத்திரம் இருந்தது, சைவ வேளாளர்களுக்கு மடத்தோடு தொடர்பு இருந்தது. எங்கள் பக்கத்திலேயே அதே கங்கையில் முழுக ஆசைப்பட்ட எத்தனையோ உழவர்களுக்கும் கூலிக்காரர்களுக்கும் கேட்க ஆளில்லை. துணிந்து போனவர்கள் வடநாட்டுப் பண்டாவிடம் சைகையில் பேசி, கேட்ட தட்சிணையைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். தமிழ் தெரிந்த வழிகாட்டி எல்லாத் தமிழருக்கும் கிடைத்தது பின்னால்தான். டூர் பஸ் காலத்தில்தான்.

வழிகாட்டியின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். காசியில் அவர் சிறுபான்மை. அனுமான் காட், கேதார் காட், அரிச்சந்திர காட் என்று தெற்கோரப் படித்துறைகளை ஒட்டிய சில தெருக்களில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஒன்று அவருடையது. பக்கத்துத் தெருவில் வங்காளி, அடுத்ததில் தெலுங்கர். வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் காசி வட்டாரத்து இந்தி. பிள்ளைகளுக்குப் பள்ளியில் தமிழ் கிடையாது. பாட்டி சொல்லிக்கொடுத்தால் எழுத்து வரும், இல்லாவிட்டால் பேச்சோடு சரி. காசியில் அவர் மதராசி. தமிழ்நாட்டுக்கு வந்தாலோ 'காசிக்காரர்'. யாத்ரீகருக்காகக் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்க வேண்டும்; மறுநாள் அதே கடைக்காரர் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர். ஊர்க்காரர் முகமும் கோணக் கூடாது, வந்தவர் பையும் காலியாகக் கூடாது. இரண்டு பக்கத்துக்கும் நல்லவராக இருக்கத் தெரிந்தால்தான் அங்கே காலம் தள்ள முடியும்.

சில ஆண்டுகளுக்கு முன் கேதார் காட்டில் அப்படி ஓர் இளைஞரோடு நடந்தேன். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த மதில்கள் ஆற்றைப் பார்த்து நிற்க, எங்கள் கோஷ்டியிலிருந்த அம்மா ஒருவர் "இது நம்ம ஊர்க் கோயில் மாதிரியே இருக்கே தம்பி" என்றார். "நம்ம ஊர்க் கோயில்தாம்மா. மடம் நம்ம மடம். பார்த்து இறங்குங்கோ, வழுக்கும்" என்றார் அவர். உள்ளே சுயம்பு லிங்கத்தின் நடுவே கோடு ஓடுவதைக் காட்டி, மாந்தாதா மன்னர் அரிசியும் பருப்பும் கலந்து சமைத்து, பாதியை விருந்தினருக்கென்று கோடு கிழித்து ஒதுக்கியதையும், அது கல்லாகி லிங்கமானதையும் சொன்னார். இந்தி யாத்ரீகர்களிடம் 'கிச்சடி' என்கிறவர், எங்களிடம் 'பொங்கல்' என்றார். கேட்டவர்கள் கண்ணில் அது வெண்பொங்கலாகவே தெரிந்தது. திருப்பனந்தாள் பக்கம் என்று நான் சொன்னதும், "அப்ப நீங்க மடத்து ஊர்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஊரை அவர் பார்த்ததே இல்லை. அவருடைய தங்கை பெங்களூரில் வேலை பார்க்கிறாள். தம்பி நொய்டாவில் கம்ப்யூட்டர் படிக்கிறான். அப்பாவோடு நின்ற வேலையில் அவர் ஒருவர்தான் மிச்சம்.

இன்று யாத்திரையின் உருவமே மாறிவிட்டது. 1970களின் பிற்பகுதியில் வந்த கங்கா காவேரி எக்ஸ்பிரஸ் சென்னையையும் காசியையும் நேரே இணைத்தது. 2023 டிசம்பர் 17-இல் தொடங்கிய கன்னியாகுமரி – பனாரஸ் காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறை தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகவே போகிறது. எங்கள் ஊர்க்காரர் கும்பகோணத்தில் ஏறி உட்கார்ந்தால் காசியில் இறங்கிவிடலாம். மொகல்சராய்க்கு 2018-இல் பெயரே மாறிவிட்டது. தமிழக அரசின் இந்து சமய அறநிலையத் துறை ராமேசுவரம் – காசி ஆன்மிகப் பயணத்துக்கு 60 முதல் 70 வயது வரையுள்ளவர்களை அரசுச் செலவில் அழைத்துப்போகிறது. 2022-23-இல் 200 பேர், அடுத்த ஆண்டு 300, அதற்கடுத்த ஆண்டு 420. முன்பு கார்டு எழுத ஆளில்லாமல் இருந்த குடும்பங்களிலிருந்து போகிறவர்களும் இவர்களில் உண்டு என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

விசுவநாதர் கோயிலுக்குப் போகும் வழியும் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. ஒருவர் பின் ஒருவராக, மாட்டுக்கும் மிதியடிக் குவியலுக்கும் இடையே நெளிந்து போன சந்துகளில் வழிகாட்டி இல்லாமல் நுழைந்தவர் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருவார். ஏறக்குறைய 300 கட்டடங்களை வாங்கி இடித்து, 2021 டிசம்பர் 13-இல் திறந்த அகன்ற வளாகம் இப்போது கங்கையையும் கோயிலையும் நேராகச் சேர்க்கிறது. முதியவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் சந்துகளின் ஞானத்தால் பிழைத்தவருக்கு அந்த ஞானம் ஒரே ஆண்டில் பழசாகிவிட்டது. இப்போது அவர் அறிந்திருக்க வேண்டியவை வேறு: எந்த வாசலில் வரிசை குறைவு, சுகம் தரிசனச் சீட்டைப் போனில் எப்படி எடுப்பது, செல்போனை எந்த லாக்கரில் வைப்பது, சாரநாத்தையும் அதே நாளில் எப்படிச் சேர்ப்பது. புத்தர் முதல் உபதேசம் செய்த இடத்தில் நின்று தர்மச் சக்கரத்தைத் தமிழில் விளக்கவும் வேண்டும். அதை நன்றாகச் செய்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன்.

மொழியின் நிலையும் மாறியது. கோதௌலியா கடைகளில் தமிழ்ப் பலகை தொங்குகிறது. "அம்மா, படகு, ஆளுக்கு நூறு" என்று ஓடக்காரப் பையன்கள் தமிழில் பேரம் பேசுகிறார்கள். போனைத் திறந்தால் வரைபடம் தமிழிலேயே வழி சொல்கிறது. கும்பகோணத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் கிளம்பும் டூர்காரர்கள் சமையல்காரர், பாத்திரம், புளி, மிளகாய்ப்பொடி சகிதம் வருகிறார்கள். கூடவே வரும் டூர் மேனேஜரே எல்லாவற்றுக்கும் பொறுப்பு. காசித் தமிழருக்கு அவர் தருவது அரை நாள் வேலை. கோயில் வாசலில் வந்து சேர்ந்துகொள், வரிசையில் விட்டுவிடு, சாயங்காலம் படகில் ஏற்றிவிடு. ஆள் கூட்டம் பல மடங்கு பெருகியிருக்கிறது. அவருக்குக் கிடைக்கும் நேரமோ, கூலியோ, மரியாதையோ அந்த அளவுக்குப் பெருகவில்லை. எட்டு நாள் ஒரு குடும்பத்தோடு இருந்து, ஊர் திரும்பியதும் சமாராதனை பத்திரிகை வந்து சேரும் உறவு, அரை நாளில் எங்கே முளைக்கும்?

போன் எல்லாம் சொல்லிவிடும் என்கிறவர்களிடம் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. அரிச்சந்திர காட்டில் துணையில்லாமல் நிற்கும் விதவை அம்மாவுக்காகப் போன் யாரோடு சண்டை போடும்? வரைபடம் வழியைச் சொல்லும். அந்த ஊரில் நமக்காகப் பேச, அந்த ஊராரின் நம்பிக்கையைப் பெற்ற ஒரு மனிதர் வேண்டும். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சின்னச் சமூகம் சேர்த்துவைத்த திறமை அது. புத்தகத்தில் ஏறாததால் அது திறமையே இல்லை என்று ஆகிவிடாது.

நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022 முதல் காசி தமிழ்ச் சங்கமம் என்ற விழா நடக்கிறது. அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று, பாரதி வாழ்ந்த வீட்டில் தமிழக அரசு அமைத்த நினைவகம் திறக்கப்பட்டது; யாத்ரீகர்கள் பார்க்கும் இடங்களில் அதுவும் சேர்ந்துவிட்டதால் வழிகாட்டிகளுக்குச் சொல்ல ஒரு புதுக் கதை கிடைத்தது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பாரதி பெயரில் தமிழ் ஆய்விருக்கை அறிவிக்கப்பட்டது. நகரத்தார் காசியின் சிக்ரா பகுதியில் ஆக்கிரமிப்பிலிருந்து மீட்ட தங்கள் நிலத்தில் 140 அறைகளோடு பத்து மாடி விடுதி கட்டி 2025 அக்டோபர் 31 அன்று திறந்தார்கள். விழாக்களும் கட்டடங்களும் வரட்டும். கேதார் காட்டில் படியிறங்கக் கை கொடுக்கிற அந்த இளைஞருக்கு இவற்றில் என்ன பங்கு என்பதுதான் என் கவலை. மத்தியச் சுற்றுலா அமைச்சகம் வழிகாட்டிகளுக்குப் பயிற்சியும் சான்றும் தருகிறது. காசித் தமிழ்ப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து அதில் சேர்க்க வேண்டும்; கயை, பிரயாகை, அயோத்தி வரை போகும் தமிழ்க் குழுக்களுக்கு அவர்களை நாள் கூலியாக வைக்காமல் முழுப் பயணத்துக்கும் அமர்த்த வேண்டும். அறநிலையத் துறை தன் குழுக்களிலிருந்தே இதைத் தொடங்கலாம். ஒரு காலத்தில் வித்துவான் தேர்வில் முதலாவதாக வந்தவருக்கு 1,000 ரூபாய் பரிசு கொடுத்துத் தமிழ் வளர்த்தது எங்கள் ஊர் மடம், 1935-இல் மு. வரதராசனும் அதைப் பெற்றார். காசித் தமிழ்க் குழந்தைகளுக்கு எழுத்தும் குமரகுருபரர் வரலாறும் சொல்லித்தரும் மாலை வகுப்பு ஒன்று குமாரசாமி மடத்துத் திண்ணையில் நடந்தால், அது அந்த மரபுக்கு மிகவும் பொருந்தும்.

2025 டிசம்பரில் நடந்த நான்காவது சங்கமத்துக்குத் 'தமிழ் கற்கலாம்' என்பது கருப்பொருள். தமிழ்நாட்டிலிருந்து போன ஐம்பது ஆசிரியர்கள் வாரணாசிப் பள்ளிகளில் இந்தி பேசும் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் படகுக்காரர் மகனும் இருப்பான், பூக்காரி மகளும் இருப்பாள். பத்து ஆண்டு கழித்துக் கும்பகோணத்து ரயிலில் வந்து இறங்கும் ஒரு பாட்டியை அவர்கள் வரவேற்பார்களானால், கேதார் காட்டில் என்னோடு நடந்த அந்த இளைஞரும் அதே ஸ்டேஷனில் அவர்களுக்கு மூத்தவராக, தொழில் சொல்லித்தருகிறவராக நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதற்கு அவர் அந்த ஊரில் தங்க ஒரு வழி செய்துகொடுக்க வேண்டும். அவருடைய தம்பியும் தங்கையும் ஏற்கெனவே போய்விட்டார்கள்.